பட்டை ஏறியது, பிரேக் இறங்கியது

அச்சரப்பாக்கத்தின் பழைய பெயர் அச்சிறுபாக்கம். திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் பிள்ளையாரை வணங்காமல் தேர் ஏறிவிட்டார். பிள்ளையார் தேரின் அச்சை முறித்துவிட்டார். அச்சு இற்ற இடம் என்பதால் அச்சிறுபாக்கம் என்று தல வரலாறு சொல்கிறது. சம்பந்தர் பாடிய ஆட்சீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் இந்தக் கதையைக் கேட்காமல் திரும்புவதில்லை.

ஊருக்குக் கிழக்கே நாலு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயியும் தன் பிக்கப் வண்டியை வாங்கிய அன்று முதலில் அந்தக் கோயில் வாசலுக்குத்தான் ஓட்டிக்கொண்டு போனார். 2007-ஆம் ஆண்டு வண்டி. 2013-இல் இரண்டாவது கையாக வாங்கினார். தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். அதன் பிறகு பத்து வருஷம் அந்த வண்டி அவரை ஒருநாளும் கைவிடவில்லை. கைவிடும் நிலைக்கு வந்தது, அவரே அதற்குச் செய்த 'மேம்பாட்டால்'தான்.

ஒரு பட்டை கூடுதலாக

கார்த்திகையில் தர்பூசணி விதைத்தால் தை கடைசியில் முதல் பறிப்பு வந்துவிடும். மதுராந்தகம், அச்சரப்பாக்கம், சித்தாமூர் பக்கத்து விவசாயிகளுக்கு அந்த இரண்டு மூன்று மாதம்தான் கையில் காசு புரளும் காலம். ஆனால், தர்பூசணி எடைச் சரக்கு. தொட்டி நிறைவதற்குள் வண்டி உட்கார்ந்துவிடும். பாதி உயரம் ஏற்றும்போதே பின்பக்கம் தாழ்ந்து, டயர் மட்கார்டில் உரசும். கோயம்பேடு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஒரு நடைக்கு டீசலும் சுங்கமும் ஒன்றுதான். காய் எவ்வளவு கூடுதலாகப் போகிறதோ அவ்வளவும் லாபம். இது அந்த விவசாயியின் கணக்கு மட்டுமல்ல. பிக்கப் வைத்திருக்கும் எல்லோருடைய கணக்கும் அதுதான்.

நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறை ஒன்றில் அவருக்கு யோசனை சொன்னார்கள்.

"முன்னாடி ஒரு பட்டை, பின்னாடி ரெண்டு பட்டை ஏத்திட்டா கல்லு மாதிரி நிக்கும்ணே. எவ்ளோ ஏத்தினாலும் உக்காராது."

அப்படியே செய்தார்கள். முன் அச்சின் இரு பக்கமும் ஐந்து பட்டை இருந்தது ஆறானது. பின்னால் இரண்டு இரண்டு கூடின. யூ போல்ட்டை நீளமாக மாற்றினார்கள். வண்டி முன்னும் பின்னும் நிமிர்ந்து நின்றது. பார்க்கவே புது வண்டி மாதிரி இருந்தது.

அடுத்த வருஷம் பிரேக். அந்த வண்டியில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். டிப்ளமோ படித்த மகன், "இப்ப வர்ற வண்டியில எல்லாம் முன்னாடி டிஸ்க்தாம்பா" என்றான். அவன் சொன்னதும் தப்பில்லை. இன்றைய சிறிய சரக்கு வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பழைய உதிரிபாகக் கடையில், பிறகு வந்த வேறொரு வண்டியின் முன் டிஸ்க்கும் காலிப்பரும் கிடைத்தன. அதே பட்டறையில் பூட்டிக் கொடுத்தார்கள். மாஸ்டர் சிலிண்டர் பழையதே. பெடல் முன்பைவிட ஆழமாக இறங்கியது. கேட்டதற்கு, "ஓட்ட ஓட்டப் பழகிடும்ணே" என்று பதில் வந்தது.

அவருக்கும் பழகித்தான் போனது. இறங்கும் பெடலுக்கு ஏற்றபடி கொஞ்சம் முன்னாலேயே மிதிக்கக் கற்றுக்கொண்டார். பழகியது அவர் கால். பிரேக் அப்படியேதான் இருந்தது.

மேல்மருவத்தூரில் ஒரு விடியற்காலை

தை மாதக் கடைசியில் ஒருநாள். விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மகன் ஓட்ட, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பின்னால் முதல் பறிப்புக் காய். மேல்மருவத்தூரை நெருங்கும்போது, சிவப்பு உடையில் பக்தர்கள் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். தை மாதத்தில் அங்கே அது வழக்கமான காட்சி. கூட்டத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, சாலையைக் கடக்க இறங்கினாள். நடுத்தடுப்பின் இடைவெளியை நோக்கி அவசரமாக நடந்தாள்.

மகன் பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்பதற்குப் பதிலாக, வலது பக்கம் திரும்பியது. ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்துப் பிடித்தும் அது வலது பக்கமே இழுத்தது. அந்தப் பெண் போய்க்கொண்டிருந்ததும் அதே பக்கம்தான். பின்னால் காய்கள் உருண்டு கேபினில் மோதும் சத்தம் கேட்டது. அப்பா கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். வண்டி நின்றபோது முன் பம்பருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும்.

அவள் திட்டவில்லை. குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு சிறிது நேரம் அப்படியே நின்றாள். பிறகு தடுப்பைத் தாண்டிப் போய்விட்டாள். கூட இருந்தவர்கள்தான் சத்தம் போட்டார்கள். அப்பாவும் மகனும் இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

மீதி வழி முழுக்க முப்பதுக்கு மேல் போகவில்லை. சந்தைக்கு நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்ததில் விலையும் இறங்கியிருந்தது. அடி வரிசையில் பாதிக்கு மேல் காய் வெடித்திருந்தது. திரும்பி வரும்போது இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னது ஒன்றுதான்.

"வண்டிய வித்துடலாம்."

மகனுக்கு அது பிடிக்கவில்லை. "யாருக்குப்பா விக்கிறது? இதே பிரேக்கோட இன்னொருத்தர் ஓட்டணுமா?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

தண்ணீர் தெளித்துப் பார்த்த பாய்

மறுநாள் வெற்று வண்டியாக மதுராந்தகத்துக்கு ஓட்டிப் போனார்கள். அங்கே பிரேக் வேலை மட்டும் செய்யும் ஒரு பெரியவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் பாய்தான். நாற்பது வருஷமாக லாரி, வேன், ஜீப் என்று சக்கரத்துக்குக் கீழேயே வாழ்க்கையைக் கழித்தவர்.

வண்டி வந்து நின்றதும் அவர் ஸ்பானரைத் தொடவில்லை. ஒரு டப்பாவில் தண்ணீர் எடுத்து, நாலு சக்கரத்தின் நடுவிலும் விரலால் தெளித்தார். முன் வலது சக்கரத்தில் தண்ணீர் 'சுர்' என்று ஆவியானது. முன் இடது லேசாகக் காய்ந்தது. பின் சக்கரம் இரண்டிலும் தெளித்த தண்ணீர் அப்படியே வழிந்தது.

"இந்த வண்டி ஒரு சக்கரத்துலதான் நிக்குது தம்பி" என்றார் பாய்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, பெடலைத் தொடாமல் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னார். முன் வலது சக்கரம் அரை சுற்றுகூடச் சுற்றவில்லை. டிஸ்க்கைக் கழற்றியபோது அது சூட்டில் நீலம் பாரித்திருந்தது. இடது காலிப்பர் நகரும் ஊசிகள் துருவேறி இறுகிக் கிடந்தன. பாய் ஒவ்வொன்றாக விளக்கினார்.

டிரம் பிரேக்கில் சக்கரம் சுற்றும் வேகமே ஷூவை டிரம்மோடு இன்னும் இறுக்கும். கொஞ்சம் மிதித்தாலும் பிடிப்பதற்கு அதுதான் காரணம். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. மிதிக்கிற அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான் பிடிக்கும். அதனால்தான் டிஸ்க் உள்ள வண்டிக்கு வேக்குவம் பூஸ்டரின் துணை வேண்டும். காலிப்பரின் பிஸ்டன் பெரியது. அதைத் தள்ள அதிக ஆயில் வேண்டும். டிரம்முக்கு என்று செய்த சின்ன மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவு ஆயிலைத் தள்ளாது. பெடல் ஆழமாக இறங்கியதன் காரணம் அதுதான்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. டிரம் பிரேக்குக்கான பழைய மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில், காலை எடுத்த பிறகும் குழாயில் சிறிது அழுத்தம் நிற்கும்படி ஒரு சின்ன வால்வு இருக்கும். வீல் சிலிண்டரில் காற்றுப் புகாமல் இருக்க அந்த ஏற்பாடு. டிரம்மில் ஷூவைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் அந்த அழுத்தம் தொந்தரவு செய்யாது. டிஸ்க்கில் இழுக்கும் ஸ்பிரிங் இல்லை. ஆகவே, பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். 90 கிலோமீட்டரும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே ஓடிய கதை அது. வலது பக்கம் சூடேறி, ஒட்டிக்கொண்டு பிடித்தது. இடது பக்கம் துருவில் இறுகி, பாதிதான் பிடித்தது. எந்தப் பக்கம் அதிகம் பிடிக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும்.

"டிஸ்க் நல்ல சாமான்தான். ஆனா அது தனியா வர்ற சாமான் இல்ல. மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், பின்னாடி வால்வு எல்லாம் ஒரு குடும்பம். ஒருத்தர மட்டும் கூட்டிட்டு வந்து உக்கார வச்சா சண்டைதான் வரும்" என்றார் பாய்.

ஏரி மதகும் வண்டி வால்வும்

முன் சக்கரத்தின் கதை இப்படி என்றால், பின் சக்கரத்தில் ஏன் தண்ணீர் வழிந்தது? பின் பிரேக் ஏன் வேலையே செய்யவில்லை?

பாய் வண்டிக்கு அடியில் படுத்து, பின் அச்சுக்கு மேலே சேசிஸில் பூட்டியிருந்த ஒரு சின்ன வால்வைக் காட்டினார். அதிலிருந்து ஒரு நெம்புகோல் அச்சு வரை நீண்டிருந்தது. பாரம் ஏறினால் வண்டி தாழும். தாழ்ந்தால் நெம்புகோல் நகரும். நகர்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் போகும். பாரம் இல்லாதபோது வண்டி உயர்ந்து நிற்கும். அப்போது பின் பிரேக்குக்குக் குறைந்த அழுத்தமே போகும். இல்லையென்றால், வெறும் வண்டியில் பின் சக்கரம் சிக்கி வழுக்கும்.

மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் வளர்ந்தவருக்கு இது புரிய நேரமாகவில்லை. நீர்மட்டத்தைப் பார்த்து மதகைத் திறப்பதுபோல, வண்டியின் உயரத்தைப் பார்த்து இந்த வால்வு திறக்கிறது. மட்டம் காட்டும் கல்லையே யாராவது பெயர்த்து மேலே நட்டுவிட்டால் என்ன ஆகும்? அதைத்தான் அந்த இரண்டு கூடுதல் பட்டைகள் செய்திருந்தன. எவ்வளவு ஏற்றினாலும் வண்டி தாழவில்லை. 'வண்டியில் பாரமே இல்லை' என்று வால்வு நினைத்துக்கொண்டது. பின் பிரேக்குக்குப் போக வேண்டிய அழுத்தத்தை மூடிவைத்தது. இரண்டு டன் காயோடு ஓடும்போதும் வண்டியை நிறுத்துவது முன் சக்கரம் மட்டுமே. அதிலும் ஒன்றே ஒன்று.

முன் பட்டையும் தன் பங்குக்குக் கெடுத்திருந்தது. ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் கம்பி, வண்டி சரியான உயரத்தில் நிற்கும்போது ஏறக்குறைய படுக்கையாக இருக்க வேண்டும். முன்பக்கம் உயர்ந்ததால் அது சரிந்து நின்றது. பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் அமுங்கும். சரிந்த கம்பி அப்போது சக்கரத்தைத் தானாகவே தள்ளித் திருப்பும். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் திருப்பாமலேயே வண்டி திரும்பும். பட்டை மாற்றும்போது அச்சு லேசாகத் திரும்பி, கிங்பின்னின் பின்சாய்வு குறைந்தாலும் ஸ்டீயரிங் அலையும். அதைச் சரிசெய்ய அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தகடு வைப்பார்கள். இந்த வண்டியில் அதையும் யாரும் பார்க்கவில்லை.

ஐந்து பட்டையோடு அதே கனத்தில் ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால், கனமான பட்டை போட்டால் கணக்கு வேறு. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடி. 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 8 மில்லிமீட்டர் போட்டால், அந்த ஒரு பட்டையின் விறைப்பு இரண்டே கால் மடங்குக்கும் மேல். 'கொஞ்சம் கனமான பட்டை' என்று பட்டறையில் சாதாரணமாகச் சொல்வது அவ்வளவு சாதாரணமில்லை.

அடி வரிசையில் காய் வெடித்ததற்கும் இதில் பதில் இருக்கிறது. விறைப்பான பட்டை சாலையின் குலுக்கலை வாங்கிக்கொள்ளாது. காய்க்குக் கடத்திவிடும். தோல் நன்றாக இருந்தாலும் உள்ளே சதை விட்டுப்போகும். அடியில் வைக்கோல் பரப்பினால் ஓரளவுதான் தாங்கும். வண்டி தாங்கட்டும் என்று ஏற்றிய பட்டை, காயைத் தாங்காமல் செய்துவிட்டது.

எடை மேடையில் தெரிந்த உண்மை

பாய் அடுத்துக் கேட்டது ஆர்.சி. புத்தகத்தை. அதில் வெற்று எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏற்றக்கூடிய பாரம். அந்த வண்டிக்கு வெற்று எடை 1,600 கிலோ, மொத்த எடை 2,850 கிலோ. ஏற்றக்கூடியது 1,250 கிலோ. முந்தின நாள் எடை மேடைச் சீட்டில் காய் மட்டும் 2,300 கிலோ இருந்தது.

வண்டியை நிறுத்துவது என்றால், அதன் வேகத்தைச் சூடாக மாற்றுவது. 2,850 கிலோ வண்டியை 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தும்போது பிறக்கும் சூடு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரும். 3,900 கிலோ வண்டி என்றால் ஒன்றேகால் லிட்டர். வேகம் 50-லிருந்து 70 ஆனால், சூடு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இவ்வளவையும் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அந்தச் சின்ன இரும்புத் தட்டுகள் வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டை ஏற்றினால் டிஸ்க்கோ டிரம்மோ பெரிதாகிவிடாது. அச்சின் இரும்பும், சக்கரத்தின் பேரிங்கும், டயரும் அதேதான். பாரம் அதிகம் என்று வண்டி தாழ்ந்து காட்டும் ஒரே அடையாளத்தைத்தான் கூடுதல் பட்டை மறைக்கிறது.

மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்ற பொருளில் வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். அச்சு இற்ற ஊர்க்காரர்களுக்கு அதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் சொல்வது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியை உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய். அதிகப்படிப் பாரத்தை இறக்கும் செலவும் வண்டிக்காரருடையது.

சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். எஃப்.சி.க்கு முதல் நாள் கூடுதல் பட்டையைக் கழற்றிவிட்டு, மறுநாள் மாட்டுகிறவர்கள் உண்டு. அந்த ஒருநாள் தப்பலாம். ஆனால், விபத்து நடந்தால், வண்டி மாற்றப்பட்டது என்பதைக் காட்டி இன்சூரன்ஸ் தகராறு வரும்போது தப்ப முடியாது. அன்று மேல்மருவத்தூரில் அந்த ஒரு முழம் இல்லாமல் போயிருந்தால், நாலு ஏக்கரும் போயிருக்கும். அந்தக் குழந்தைக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை அப்பாவும் மகனும் இன்றுவரை வாய்விட்டுப் பேசியதில்லை.

பழைய நிலைக்கே

பாய் இரண்டு வழி சொன்னார். ஒன்று, முழு டிஸ்க் குடும்பத்தையும் கொண்டுவருவது. அதற்கு அந்த வண்டி நிறுவனமே அதே மாடலுக்கு டிஸ்க் கொடுத்திருக்க வேண்டும். எல்லா பாகமும் அந்த ஒரே மாடலில் இருந்து வர வேண்டும். மோட்டார் வாகன அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு, வண்டி பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்குவது.

மகனுக்கு முதல் வழியில்தான் ஆசை. "டிரம்முக்கே திரும்பிப் போறதா பாய்?"

"நல்லா இருக்கிற டிரம்மு, பாதி வேலை செஞ்ச டிஸ்க்க விட மேல் தம்பி. உங்கப்பா பத்து வருஷம் அதுலதான ஓட்டினாரு?"

அப்பா இரண்டாவது வழியையே சொன்னார். வீட்டில் கிடந்த பழைய டிரம்களை எடுத்து வந்தார்கள். லேத்தில் கொடுத்துக் கடைந்தபோது, ஒன்று அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டதால் அதற்கு மட்டும் புதிது. நாலு சக்கரத்துக்கும் புது லைனிங், வீல் சிலிண்டர், இழுக்கும் ஸ்பிரிங். கருத்துப்போயிருந்த ஆயிலை முழுக்க வடித்துவிட்டுப் புதிது ஊற்றி, தூரச் சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகக் காற்று எடுத்தார்கள். கூடுதல் பட்டைகள் எல்லாம் கழன்றன. களைத்துப்போன மெயின் பட்டைக்குப் பதில் அதே அளவில் புதிது. ஷாக்கில் புஷ், ஷாக் அப்சார்பர் மாற்றி, பின் வால்வின் நெம்புகோலை உரிய அளவில் வைத்து, கடைசியில் அலைன்மென்ட் பார்த்தார்கள். செலவு, அந்தப் பறிப்பில் இரண்டு நடைக்கான காசு.

பாரத்துக்கு என்ன செய்வது? அந்தக் கேள்விக்குப் பட்டறையில் பதில் இல்லை. பக்கத்து வயல்களில் இருந்தது. கோயம்பேட்டுக்குப் போகும் காயை மூன்று விவசாயிகள் சேர்ந்து ஒரு பெரிய வண்டியை வாடகைக்குப் பிடித்து அனுப்புகிறார்கள். ஒரே நாளில் பறிப்பு வரும்படி விதைப்பையும் பேசி வைத்துக்கொண்டார்கள். பிக்கப்பில் 1,200 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. அது நெடுஞ்சாலை ஓரக் கடைக்கும் மதுராந்தகத்துக்கும் இரண்டு நடை அடிக்கிறது. டீசல் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால், காய் வெடித்துக் கழிவது குறைந்திருக்கிறது. முன் டயர் ஒருபக்கமாகத் தேய்வதும் நின்றிருக்கிறது.

கழற்றிய பட்டைகள் இப்போது மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் கிடக்கின்றன. ஊர்க் கொல்லர் ஒன்றை வாங்கி அரிவாள் அடித்தார். பட்டை இரும்பில் அடித்த அரிவாளுக்கு நல்ல பதம் நிற்கும்.

வண்டி வைத்திருக்கும் விவசாயிகள் கவனத்துக்கு

1. காலையில் வண்டி எடுக்கும் முன் பெடலை மிதித்து அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு. இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் ஏறுகிறது என்றால் காற்றுப் புகுந்திருக்கலாம், அல்லது லைனிங் தேய்ந்து செட்டிங் விலகியிருக்கலாம்.

2. பத்து கிலோமீட்டர் ஓடிய பிறகு நாலு சக்கரத்தின் நடுவிலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கையால் தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் சுட்டால் பிரேக் ஒட்டுகிறது, அல்லது பேரிங் போகிறது. பல தடவை பிரேக் பிடித்த பிறகும் ஒரு சக்கரம் மட்டும் சூடே ஆகவில்லை என்றால், அது வேலை செய்யவில்லை.

3. ஆளில்லாத நேரான சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்துப் பாருங்கள். வண்டி எந்தப் பக்கமாவது இழுத்தால், அன்றைக்குப் பாரம் ஏற்ற வேண்டாம்.

4. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் தரையைத் தொடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள். மூடியில் எழுதியுள்ள வகையையே ஊற்றுங்கள்.

5. அவசரத்துக்கு என்று இன்ஜின் ஆயிலோ, ஜாக்கி ஆயிலோ, மண்ணெண்ணெயோ பிரேக் டப்பாவில் ஊற்றக் கூடாது. சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் ஊதிப்போகும். பிறகு எல்லா ரப்பரையும் மாற்றியாக வேண்டும்.

6. லைனிங், பேட், டிரம், பட்டை எதை மாற்றினாலும் இடது வலது இரண்டையும் சேர்த்தே பாருங்கள். ஒரு பக்கம் புதிது, மறு பக்கம் பழையது என்றால் வண்டி இழுக்கும்.

7. பின் அச்சுக்கு மேலே உள்ள வால்வின் நெம்புகோலைக் கம்பியால் கட்டிவைக்கவோ, கழற்றிவிடவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். பின் பட்டையில் எந்த வேலை செய்தாலும் அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

8. செய்யூர், கடப்பாக்கம் பக்கம் உப்பும் மீனும் ஏற்றும் வண்டிகளில் இரும்பு பிரேக் குழாய் வெளியே தெரியாமல் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் துணியால் துடைத்துப் பாருங்கள். செதில் உரிந்தால் குழாயை மாற்றுங்கள்.

9. பட்டை உடைந்தால் வெல்டிங் வைக்க வேண்டாம். சூட்டில் பதம் போய், அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி உடையும். யூ போல்ட் மாற்றிய பிறகு சில நாள் ஓட்டிவிட்டு ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.

10. பறிப்புக் காலம் தொடங்கும் முன் ஒருமுறையாவது முழுப் பாரத்தோடு எடை மேடையில் ஏற்றி, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கண் மதிப்பில் தர்பூசணியும் ஈர நெல்லும் எப்போதும் குறைவாகவே தெரியும்.

இந்த வருஷமும் தை கடைசியில் அந்த வயலில் முதல் பறிப்பு நடந்தது. காய் ஏற்றி முடித்ததும் மகன் வண்டியில் ஏறி, பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு, "நிக்குதுப்பா" என்றான். அப்பா வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறி உட்கார்ந்தார். மேல்மருவத்தூர் வருவதற்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே வண்டியின் வேகம் குறைந்தது. அப்பா எதுவும் சொல்லவில்லை, மகனாகவே குறைத்தான்.